திருப்பினால் டேப்லெட்: மடங்கும் லேப்டாப்பில் எதைப் பார்ப்பது?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது பிராசசரின் பெயரை. திரையை முழுதாகப் பின்னால் மடக்கி டேப்லெட்டாக்கும் வகை என்றால், குறைந்த விலையில் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது வேறு: முதலில் திரை, அடுத்து கீல். தினமும் கை படுவது இந்த இரண்டிலும்தான்.

திரைக் கண்ணாடியை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத வலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடால் ஆனது. மின்சாரத்தைக் கடத்தும், ஒளியை மறைக்காது. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடமும் துளியூண்டு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கிறது. நம் உடலும் மின்சாரத்தைக் கடத்துமல்லவா? விரல் நெருங்கியதும் அந்தத் தேக்கத்தின் அளவு மாறுகிறது. எந்தச் சந்திப்பில் மாறியது என்று ஒரு சில்லு விநாடிக்குப் பல முறை அளந்துகொண்டே இருக்கிறது. அழுத்த வேண்டியதே இல்லை. கம்பளிக் கையுறை போட்ட விரலைத் திரை கண்டுகொள்ளாததும், தண்ணீர்த் துளி பட்டால் தடுமாறுவதும் இதனால்தான். விரலால் இயங்கும் இப்படியொரு திரையைப் பற்றி பிரிட்டனில் ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே எழுதிவிட்டார்.

பேனா விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரப்பர் முனை வைத்த மலிவான பேனா, விரலைப் போல நடிக்கிறது, அவ்வளவே. முனை தடித்திருந்தால்தான் திரைக்குத் தெரியும் என்பதால் அதில் பொடி எழுத்து வராது. நிஜமான டிஜிட்டல் பேனா தானே ஒரு சமிக்ஞை அனுப்பும், அழுத்தத்தையும் சொல்லும், பேனா அருகில் இருக்கும்போது உள்ளங்கை பட்டாலும் கணினி பொருட்படுத்தாது. ஆனால் தொடுதிரை இருப்பதாலேயே இந்தப் பேனா வேலை செய்துவிடாது. பேனாவும் திரையும் பேசிக்கொள்ள எம்பிபி, ஏஇஎஸ், யுஎஸ்ஐ என்று முறைகள் பல. குறிப்பெடுக்கவோ வரையவோ வாங்குகிறீர்கள் என்றால், அந்த மாடல் எந்த முறையை ஏற்கிறது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

360 பாகை சுழலும் கீலை 2012-இல் லெனோவோவின் யோகா பரவலாக்கியது. இப்போது பல மாடல்களில் திரைப் பகுதியிலும் கீபோர்டுப் பகுதியிலும் ஆளுக்கொரு முடுக்கமானி இருக்கும். இரண்டும் புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்று அளக்கின்றன; அந்த வித்தியாசத்திலிருந்து கீலின் கோணம் கிடைக்கிறது. திரை பின்னால் போனதும் கீபோர்டு தானாக அணைந்துவிடும். கோணத்தைப் பிடித்து நிறுத்துவதோ வெறும் உராய்வுதான். அது போதாவிட்டால் ஒவ்வொரு தொடுதலுக்கும் திரை ஆடும். கடையில் திரையின் மேல்மூலையை விரலால் தட்டிப் பாருங்கள். சட்டென்று நின்றால் நல்லது. அப்படியே மடக்கி, ஐந்து நிமிடம் ஒரே கையில் பிடித்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ என்பது டேப்லெட்டாகப் பிடிக்கும்போது எவ்வளவு கனம் என்று கை சொல்லிவிடும்.

திரை ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். டிஎன் என்ற இன்னொரு வகைத் திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் நிறங்கள் மங்கிப்போகும். பளபளக்கும் கண்ணாடி முகம் காட்டும் என்பதால் வெளிச்சம் 300 நிட்ஸாவது வேண்டும். ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் பிறகு கூட்ட வழியில்லை. சேமிப்பு, வேகம் குறைந்த இஎம்எம்சியா வேகமான எஸ்எஸ்டியா என்றால், யோசிக்காமல் எஸ்எஸ்டி.

வாங்கிய பின், மூடியை ஒரு மூலையில் பிடித்து இழுக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள். அப்போதுதான் சுமை இரண்டு கீல்களுக்கும் சமமாகப் போகும்.