நமத்துப்போகும் கண்ணாடி

நாகர்கோவில் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐப்பசி மழை முடிஞ்சு லென்ஸை டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை ஓடுது சார். பையில மூணு சிலிகா ஜெல் பாக்கெட் போட்டுத்தான் வெச்சிருந்தேன். அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வெச்சா சரியாயிடும்னு சொல்றாங்க. வைக்கலாமா?”

வைக்காதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முறுக்கு வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இழை. அது ஃபங்கஸ், பூஞ்சை. ஊறுகாய்ப் பாட்டிலின் வாயிலும் பழைய செருப்பிலும் பூக்கிற அதே கூட்டம்தான். அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. லென்ஸுக்குள் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கும். ஜூம் லென்ஸை நீட்டிச் சுருக்கும் ஒவ்வொரு முறையும் அது கொல்லன் துருத்தி மாதிரி வெளிக்காற்றை இழுத்து விடுகிறது. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தூசி, விரல்ரேகை எண்ணெய், உள்ளே இருக்கும் கிரீஸின் ஆவி போதும். கண்ணாடியை அது தின்பதில்லை. ஆனால் வளரும்போது கரிம அமிலங்களைக் கசியவிடுகிறது. லென்ஸின் மேல் பூசியிருக்கும் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு ஓர் அடுக்குக்குச் சுமார் 100 நானோமீட்டர்தான் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). அதை அமிலம் அரித்த பிறகு பூஞ்சையைத் துடைத்தாலும் தடம் போகாது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் வாரக்கணக்கில் நின்றால் வித்து முளைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மழைக்காலத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஒப்பு ஈரப்பதம் பள்ளியில் படித்ததுதான். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 24 கிராம் இருந்தால் 80 சதவீதம். அதே காற்றை 24 டிகிரி ஏசி குளிரில் கிடந்த கேமரா தொட்டால், அந்தக் குளிருக்கு 22 கிராம்கூடத் தாங்காது என்பதால் மிச்சம் கண்ணாடியில் பனியாகப் படியும். ஏசி அறையை விட்டுக் கிளம்பும் முன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, அது வெளிக்காற்றின் அளவுக்குச் சூடான பிறகு எடுத்தால் இந்தத் தொல்லை முடிந்தது.

இனி முறுக்கு. மழைநாளில் டப்பாவைத் திறந்து வைத்தால் முறுக்கு நமத்துப்போகிறது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 80தான். நூறு ஆனால்தானே நீராவி தண்ணீராக மாற வேண்டும்? சுவரில் பனி இல்லை, தரையில் பனி இல்லை, முறுக்குக்குள் மட்டும் தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இதே கேள்வி 1871-ல் வில்லியம் தாம்சனுக்கும் வந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர். வளைந்த நீர்ப்பரப்பின் மேல் நீராவி எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டவர், பருத்தித் துணியும் ஓட்ஸ் மாவும் கோதுமை பிஸ்கட்டும் பனி படியாத காற்றிலேயே ஈரம் பிடிப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். வெப்பநிலை அளவுக்குப் பெயர் கொடுத்த மனிதர் நமத்துப்போன பிஸ்கட்டைப் பற்றியும் யோசித்தார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அவர் கண்டது இது. தேர்த்திருவிழாக் கூட்டத்தின் விளிம்பில் நிற்பவர் நினைத்தால் நழுவிவிடலாம். கூட்டத்தின் விளிம்பு உட்குழிந்திருக்கும் இடத்தில், அந்தக் குழியின் அடியில் நிற்பவருக்கோ பின்னால் மட்டுமல்ல, இரண்டு பக்கத்திலும் ஆட்கள். நழுவுவது கஷ்டம். நீர் மூலக்கூறும் அப்படித்தான். தட்டையான நீர்ப்பரப்பிலிருந்து தப்பிப்பதைவிடக் கிண்ணம்போல் குழிந்த பரப்பிலிருந்து தப்பிப்பது கடினம். பிடித்து இழுக்கும் அண்டை வீட்டார் அதிகம். காற்றிலிருந்து வந்து விழும் மூலக்கூறுகள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்க, வெளியேறுபவை குறைந்துவிட்டால்? நூறு சதவீதம் வரும்வரை காத்திருக்காமலே தண்ணீர் சேரும்.

தண்ணீரைப் பிடிக்கும் சுவருள்ள குறுகிய துளையில் நீர்ப்பரப்பு எப்போதும் குழிந்துதான் நிற்கும். துளை சிறுக்கச் சிறுக்கக் குழிவு கூடும். கெல்வினின் சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். துளையின் ஆரம் 100 நானோமீட்டர் என்றால் 99 சதவீத ஈரப்பதத்தில் நீர் கட்டும், பெரிய வித்தியாசமில்லை. 10 நானோமீட்டருக்கு 90. ஒன்றரை நானோமீட்டருக்கு 50. ஒரு நானோமீட்டருக்கு 35! நமக்கு வறண்டதாகத் தெரியும் காற்றும் அந்தத் துளைக்கு அடைமழை.

சிலிகா ஜெல் என்பது முழுக்க முழுக்க இந்தத் துளைகளால் ஆன கல். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் வால்டர் பேட்ரிக் இதைத் தயாரிக்கும் முறைக்கு 1919-ல் காப்புரிமை பெற்றார். சோடியம் சிலிக்கேட் கரைசலில் அமிலம் சேர்த்தால் அல்வா பதத்தில் உறையும். கழுவி உலர்த்தினால், நீர் இருந்த இடமெல்லாம் இரண்டு மூன்று நானோமீட்டர் அகலத் துளைகளாக மிஞ்சும். ஒரே ஒரு கிராமின் உட்பரப்பை விரித்துப் போட முடிந்தால் சுமார் 700 சதுர மீட்டர், ஏறக்குறைய 17 சென்ட் நிலம். நீராவி முதலில் இந்தச் சுவர்களில் ஒட்டுகிறது, பிறகு துளைகளை நிரப்புகிறது. இன்னொன்று: சிலிகா ஜெல்லும் சிலிகா, பல லென்ஸ் கண்ணாடிகளிலும் பெரும்பகுதி சிலிகாதான். ஒன்று துளையில்லாமல் பளபளப்பாக நிற்கிறது; மற்றொன்று அதற்காக நமத்துப்போகிறது.

நானோமீட்டர் அளவில் நீர்ப்பரப்பின் வளைவு என்று பேசுவதே சரியா, அங்கே இருப்பதே சில மூலக்கூறுகள்தானே என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2020-ல் மான்செஸ்டரில் இயற்பியலாளர் ஆந்த்ரே கெய்மின் குழு, அணு அளவு உயரமே உள்ள இடுக்குகளைக் கட்டிச் சோதித்தது. பழைய சூத்திரம் எதிர்பாராத அளவுக்குச் சரியாகவே வந்தது. இப்படி ஒரு ஆய்வுக்கு நம் ஊரில் நிதி கேட்டால், “இதனால் என்ன பொருள் தயாரிப்பீர்கள்?” என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். 1871-ல் பிஸ்கட்டைக் காட்டியவருக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதத் தெரிந்திருக்கும்?

சரி, அரிசி. அரிசியும் ஈரம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடையில் வாங்கும் அரிசியின் எடையில் 13, 14 சதவீதம் ஏற்கெனவே தண்ணீர். அதை டப்பாவில் போட்டு மூடினால் உள்ளிருக்கும் காற்று 65, 70 சதவீதத்தில் நிலைகொள்ளும். அதாவது பூஞ்சை விழித்துக்கொள்ளும் அதே இடத்தில். கூடவே மாவுத்தூசி, பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு. தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பதும் இதே நம்பிக்கைதான். சும்மா ஃபேன் காற்றில் வைத்திருந்தாலும் காய்ந்திருக்கும், பெயர் அரிசிக்குப் போகிறது. அந்துருண்டை இன்னும் மோசம். அது ஈரத்தைத் தொடுவதே இல்லை. ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் மீண்டும் படிகமாகப் படியும். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் லென்ஸோடு அதைப் போட்டு வைத்த மேதை நான்தான்.

அப்படியானால் நாகர்கோவில் வாசகருடைய மூன்று பாக்கெட் ஏன் தோற்றது? செருப்புப் பெட்டியில் வந்த பாக்கெட் நம் கைக்கு வரும் முன்பே வயிறு நிறைந்திருக்கும். தவிர, துணிப்பை மூடிய இடம் இல்லை. அங்கே சிலிகா ஜெல்லைப் போடுவது நாகர்கோவிலையே காயவைக்க முயல்வது.

ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத 20 லிட்டர் டப்பாவில் கணக்கே வேறு. 80 சதவீதக் காற்றில் மூடினால் உள்ளே இருக்கும் நீராவி மொத்தமே அரை கிராம். ஈரப்பதத்தை 45-க்கு இறக்கக் கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக உறிஞ்சினால் போதும். அந்த ஈரப்பதத்தில் சிலிகா ஜெல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பிடித்து வைக்கும். கணக்குப்படி இரண்டு கிராம் போதும். ஆனால் கேமராப் பட்டை, ஸ்பாஞ்சு, துணி எல்லாம் தண்ணீரைச் சுமந்துதான் வரும், டப்பாவையும் திறந்து திறந்து மூடுவோம். 200 கிராம் போடுங்கள். ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் நல்லது; எலும்பாய்க் காயவிட்டால் ரப்பரும் மசகும் கெடும்.

சிலிகா ஜெல் மணிகள் ஈரம் நிறைந்து நிறம் மாறியதும் தூக்கி எறிய வேண்டாம். துளைக்குள் போன தண்ணீர் அதே வழியில் திரும்பும். 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பசியோடு இருக்கும். ஆரஞ்சு நிற மணியாக வாங்குங்கள். நீல மணியில் இருக்கும் கோபால்ட் குளோரைடு புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ளது. அதைச் சமையல் பாத்திரத்தில் வறுப்பது வேண்டவே வேண்டாம். இழை ஓடிய அந்த லென்ஸை இதெல்லாம் குணப்படுத்தாது. வளர்ச்சி நிற்கும், அவ்வளவுதான். பிரித்துச் சுத்தம் செய்வது சர்வீஸ்காரர் வேலை, பூச்சு அரிக்கும் முன்பே போய்விடுங்கள்.

டப்பாவுக்குள் ஈரப்பதத்தை அளந்து காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டரும் வேண்டும். மலிவானது போதும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடியில் கொஞ்சம் தூள் உப்பு, அது நனையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். இதையும் ஹைக்ரோமீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். ஈர உப்புக்கு மேலுள்ள காற்று 75 சதவீதத்தில் நிற்கும், ஊர் எதுவானாலும். என்னுடையது காலையில் 69 காட்டியது. அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் “+6” என்று எழுதி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.