கதவைத் தட்டும் காவலர், கையில் இருக்கும் ஆணை: அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் சட்டம்

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களில் பலர், காவல்துறையினர் வீட்டு வாசலுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வேறொரு மாநிலத்தில் இருக்கும் உறவினரிடமோ நண்பரிடமோ கேட்டுத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். குற்றவியல் வழக்குகளில் வாதாடும் எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது. அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் நாடு முழுவதற்கும் பொதுவானதுதான்: ஆணை பெறத் தக்க காரணம் இருக்க வேண்டும், அதைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் சொல்ல வேண்டும், சோதனையிடப்படும் இடத்தையும் கைப்பற்றப்படும் பொருளையும் ஆணை குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆனால் இது குறைந்தபட்சப் பாதுகாப்பு மட்டுமே. அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் தீர்மானிக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, வந்திருப்பது பிடியாணையா சோதனை ஆணையா என்பது. ஒருவர் பெயரில் பிடியாணை இருந்து, அவர் தம் வீட்டுக்குள் இருப்பதாக நம்பக் காரணமும் இருந்தால், அவரைக் கைது செய்ய அந்த வீட்டுக்குள் நுழையலாம் என்று 1980இல் பேட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே பிடியாணையை வைத்துக்கொண்டு, அவரைத் தேடி உங்கள் வீட்டுக்குள் நுழைய முடியாது. உங்கள் சம்மதமோ அவசர நிலையோ இல்லாதபோது அதற்குத் தனியாகச் சோதனை ஆணை தேவை என்பது 1981இல் ஸ்டீகால்ட் வழக்கின் முடிவு. தம்பியோ நண்பரோ சில மாதங்கள் வந்து தங்கும் நம் வீடுகளில் இந்த வேறுபாடு பெரிதாகப் பேசும்.

ஆணையைக் கையில் வாங்கினால் முதல் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். தெரு எண்ணோடு அடுக்குமாடி வீட்டின் எண்ணும் சரியாக இருக்கிறதா, எந்தெந்தப் பொருட்கள் குறிப்பிடப்பட்டுள்ளன, நீதிபதி கையெழுத்திட்ட தேதி என்ன என்று பாருங்கள். தேதிக்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் சோதனை ஆணைக்குப் பத்து நாள் ஆயுள். டெக்சாஸில் பெரும்பாலான ஆணைகளுக்கு மூன்று முழு நாட்கள்தான். நீதிபதி தனியாக அனுமதி தராவிட்டால், கலிபோர்னியாவில் காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரையிலும் நியூயார்க்கில் காலை 6 முதல் இரவு 9 வரையிலும் மட்டுமே அதை நிறைவேற்றலாம். கதவைத் தட்டாமலே உடைத்து நுழைய அனுமதிக்கும் ஆணைகளை, 2020இல் கென்டக்கியில் பிரியானா டெய்லர் என்ற பெண் தம் வீட்டில் நடந்த காவல்துறைச் சோதனையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வர்ஜீனியா சட்டமியற்றித் தடை செய்தது. குறை கண்டுபிடித்தாலும் வாசலில் நின்று தடுக்காதீர்கள். ஆட்சேபணையை வாயால் சொல்லிவிட்டு, வாதத்தை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுங்கள்.

என் அனுபவத்தில், ஆணையே இல்லாமல் நடக்கும் சோதனைகள்தான் நம்மவர்களை அதிகம் பாதிக்கின்றன. சீருடையைக் கண்டதும் "வாங்க, தாராளமாப் பாருங்க" என்று வழிவிடுவது நம் பழக்கம்; சட்டத்தின் பார்வையில் அது சம்மதம். மறுக்கலாம் என்று உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை காவல்துறைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. ஆனால் நியூஜெர்சியில், மறுக்கும் உரிமை உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில், ஆணையின்றி வீட்டைச் சோதனையிட வாசலில் சம்மதம் கேட்கும் காவலர், உள்ளே நுழையும் முன்பே அந்த உரிமையைச் சொல்லிவிட வேண்டும். ஆகவே எந்த மாநிலமானாலும், "சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தைப் பணிவாகச் சொல்ல வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள். ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் அம்மாதான் பகலில் கதவைத் திறப்பார்.

ஆணையில் குறை இருந்தால் வழக்கு என்னவாகும் என்பதும் இடத்தைப் பொறுத்ததே. நீதிபதி தந்த ஆணையைக் காவலர் நல்லெண்ணத்தோடு நம்பிச் செயல்பட்டிருந்தால், ஆணை பின்னர் செல்லாது என்றானாலும் சாட்சியம் நிற்கும் என்பது 1984இல் லியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. நியூஜெர்சி 1987இலும் பென்சில்வேனியா 1991இலும் தத்தம் அரசியலமைப்பின் கீழ் இதை ஏற்க மறுத்தன. இந்த இரண்டு மாநிலங்களும் எடுத்த நிலைப்பாடே சரி என்பது என் கருத்து. பிழையின் சுமையைக் குடிமகன் தலையில் இறக்குவது நியாயமாகாது.

கணினித் துறையில் இருப்பவர்கள் கைப்பேசியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கைதானவரின் கைப்பேசியைத் திறந்து பார்க்கப் பொதுவாக ஆணை வேண்டும் என்பது 2014 முதல் நாடு முழுவதும் விதி. கடவுச்சொல்லைச் சொல்லும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாமா என்பதில் மாநிலங்கள் பிரிந்து நிற்கின்றன: பென்சில்வேனியா 2019இலும் இந்தியானா 2020இலும் கூடாது என்றன, நியூஜெர்சி 2020இல் தன் முன் வந்த வழக்கில் கட்டாயப்படுத்தலாம் என்றது. பென்சில்வேனியாவையும் நியூஜெர்சியையும் பிரிக்கும் டெலவர் ஆற்றின் ஒரு கரையில் குடியிருந்து மறுகரையில் வேலை பார்ப்பவருக்கு, எந்தக் கரையில் வழக்கு என்பதே விடையை மாற்றிவிடும்.

கடைசியாக, போக்குவரத்து வழக்குக்கு நீதிமன்றத்தில் ஆஜராகத் தவறினால் பல மாநிலங்களில் நீதிபதி பிடியாணை பிறப்பிக்கலாம். அது சோதனை ஆணையைப் போலச் சில நாட்களில் காலாவதியாகாது. வேறு மாநிலத்துக்கு வீடு மாறிப் பல ஆண்டுகள் கழித்தும் ஒரு சாதாரண வாகனச் சோதனையில் வெளிப்படலாம். பழைய போக்குவரத்து அபராதச் சீட்டு ஏதாவது நிலுவையில் இருந்தால், அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் மூலம் ஆணையைத் திரும்பப் பெறும்படி மனுச் செய்யுங்கள்.