எஞ்சினைக் குறை சொல்லுமுன் புரொப்பெல்லரைப் பாருங்கள்

சோளகக் காற்று தொடங்கும் முன்னர் ஒரு படகு உரிமையாளர் பட்டறைக்கு வந்தார். 26 அடி பைபர் படகு. பின்னால் இரண்டு 115 குதிரைவலு எஞ்சின்கள், இரண்டும் புதியவை. யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து தீவுகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போவதற்காகச் செய்வித்தது. "தம்பி, விற்ற ஆக்கள் ஓட்டிக் காட்டேக்கை பறந்தது. இப்ப பன்னிரண்டு பேர் ஏறினா மூச்சு வாங்குது. எஞ்சின் பிழை எண்டு நினைக்கிறன்" என்றார்.

எஞ்சினில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான். வேகம் குறைந்தால், எண்ணெய் கூடக் குடித்தால், அதிர்ந்தால், முதலில் எஞ்சினைக் கழற்றுகிறோம். பிளக் மாற்றுகிறோம், கார்புரேட்டரைக் கழுவுகிறோம், காசு போகிறது. தண்ணீருக்குள் கிடக்கும் அந்த மூன்று இதழ்களை யாரும் கடைசிவரை பார்ப்பதில்லை.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 13 × 19 என்றால் முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச். ஒரு சுற்றுச் சுற்றினால், நழுவாமல் இருந்தால், 19 அங்குலம் முன்னே போகும் என்று பொருள். பிட்ச்தான் படகின் கியர். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மணல் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளை டொப் கியரில் எடுத்தால் எப்படி இருக்கும்? வண்டி போகும்தான். ஆனால் எஞ்சின் உள்ளே அடிவாங்கும். பிட்ச் கூடிய புரொப்பெல்லர் பாரம் கூடிய படகில் செய்வதும் அதுதான்.

அந்தப் படகில் பூட்டியிருந்தது 19 பிட்ச். விற்றவர்கள் இரண்டே பேருடன், அரைத் தாங்கி பெற்றோலுடன், காற்றில்லாத காலையில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அப்போது நிமிடத்துக்கு 5400 சுற்று வந்ததாம். நான் பன்னிரண்டு பேரை ஏற்றி, தாங்கியை நிரப்பி, குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவே முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பெற்றோலின் பாரத்தையும் மறக்கக்கூடாது, 200 லீட்டர் ஏறக்குறைய 150 கிலோ. சுற்றுமானி 4600இல் நின்றுவிட்டது. அந்த எஞ்சினின் கைநூல் சொல்வது, முழுத் த்ரொட்டிலில் 5000 முதல் 6000 வரை வரவேண்டும் என்று. 4600இல் இழுத்துக்கொண்டு ஓடும் எஞ்சினில் பிஸ்டனுக்குச் சூடு ஏறும், பெயரிங்குகளில் அழுத்தம் கூடும், எண்ணெய் வீணாகும். சத்தம் வராது, புகை வராது. ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாமல் எஞ்சினின் ஆயுள் கரைந்துகொண்டிருக்கும். மறுபக்கமும் ஆபத்துண்டு. பிட்ச் குறைந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். புதிய எஞ்சின்களில் அதைத் தடுக்கும் வெட்டு இருக்கும். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் அதுவும் இல்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்துடன், முழு வேகத்தில், சுற்றுமானியைப் பாருங்கள். வெறும் படகில் எடுத்த கணக்கு உதவாது. களப்புக்குள்ளும் வேண்டாம். ஆழம் குறைந்த தண்ணீர் கணக்கை மாற்றிவிடும், சாதாளை போன்ற கடற்செடிகளும் இழுபடும். வெளியே வந்து, ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுங்கள். நீரோட்டமும் காற்றும் அப்போதுதான் கழியும்.

பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். எனக்கு வேண்டியது 5400ஐ ஒட்டிய சுற்று. அப்படியானால் 15 பிட்ச். உரிமையாளருக்கு மனம் கேட்கவில்லை. "19ஐக் கழற்றி 15 போட்டா வேகம் குறையாதா?" இதை எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். அவருக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் தருகிறேன்.

எஞ்சின் சுற்றைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, பிறகு 1215ஆல் வகுத்தால், நழுவாமல் போனால் வரக்கூடிய வேகம் நொட்டில் (மணிக்கு எத்தனை கடல் மைல் என்று) கிடைக்கும். ஒரு கடல் மைலில் உள்ள அங்குலங்களை 60 நிமிடத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த 1215. அவருடைய எஞ்சினின் கியர் விகிதம் 2.15, அதாவது எஞ்சின் 2.15 முறை சுற்றினால் புரொப்பெல்லர் ஒருமுறை சுற்றும். பழைய புரொப்பெல்லருக்கு 4600ஐ 19ஆல் பெருக்கி வகுத்தால் 33.5 நொட். ஜிபிஎஸ் காட்டியது 22. அதாவது நூற்றுக்கு 34 பங்கு நழுவல். மூன்றில் ஒரு பங்கு எண்ணெயைக் கடலில் ஊற்றுவது போல என்று அவர் சொன்னார். கணக்கு அவ்வளவு நேரானது இல்லை. தண்ணீரைத் தள்ளும் எந்தப் புரொப்பெல்லரும் கொஞ்சமாவது நழுவித்தான் ஆகவேண்டும். ஆனால் இலேசான வேகப் படகில் 10 முதல் 15, பாரம் ஏற்றும் படகில் 20 அளவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 34 பொறுக்கக்கூடியதில்லை.

புரொப்பெல்லரை மாற்ற முதல் எஞ்சினின் உயரத்தைப் பார்த்தேன். ஒழுங்கு இதுதான்: உயரத்தைச் சரிசெய்த பிறகே பிட்ச். ஒற்றை எஞ்சினில், புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டை மட்டம் படகின் அடியோடு ஒட்டி நிற்கவேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. இரட்டை எஞ்சினில் பலர் பிழைவிடுவது இங்கேதான். வீ வடிவ அடியில் எஞ்சின்கள் ஏராவுக்கு (அடியின் நடுமுதுகுக்கு) நேரே இல்லை, இரண்டு பக்கமும் விலகி நிற்கின்றன. அங்கே படகின் அடி மேலேறி இருக்கும். அடியின் சரிவு 15 பாகை என்றால், நடுவிலிருந்து 13 அங்குலம் தள்ளி அடி ஏறக்குறைய மூன்றரை அங்குலம் உயர்ந்துவிடும். ஏராவைப் பார்த்து அளந்து பூட்டினால் இரண்டு எஞ்சின்களும் தேவையில்லாத ஆழத்தில் தண்ணீரை உழுதுகொண்டு வரும். எஞ்சின் நிற்கிற அந்த இடத்தின் அடியிலிருந்து நேர்ச்சட்டம் வைத்து அளக்கவேண்டும்.

பூட்டுத் துளைகள் முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். இரண்டு துளை உயர்த்தினேன், படகு இலேசானது. மூன்றாவது துளைக்கு உயர்த்தியபோது நேரே ஓடுகையில் இன்னும் கொஞ்சம் கூடியது, ஆனால் வளைக்கும்போது உள்ளே காற்றை இழுத்துப் புரொப்பெல்லர் சும்மா சுற்றியது. திரும்ப இரண்டாம் துளைக்கே இறக்கினேன். உயர்த்துகிறவர்கள் குளிர்நீர் அழுத்தமானி ஒன்றைப் பூட்டாமல் உயர்த்தவேண்டாம். நீர் உள்ளெடுக்கும் துளை வெளியே வந்தால் எஞ்சின் வெந்துபோகும்.

காற்றை இழுப்பதையும் கொதிப்பையும் நாங்கள் ஒன்றாகப் பேசிவிடுகிறோம். மேலே இருந்து காற்று இதழுக்கு வந்து பிடி விடுவது ஒன்று. இதழின் பின்புறத்தில் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீர் குளிர்ந்தபடியே ஆவியாகி, அந்தக் குமிழ்கள் உடைந்து உலோகத்தை அரிப்பது வேறொன்று. கழற்றிப் பார்க்கும்போது இதழில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அது இரண்டாவது. பெரும்பாலும் நெளிந்த ஓரமோ முன்னே தடுக்கும் ஏதோ ஒன்றோதான் காரணம். பின் ஓரத்தைச் சிறிது வளைத்துக் கப் வைப்பது முதலாவது தொல்லைக்கு நல்ல மருந்து. ஆனால் கப் வைத்தால் பிட்ச் ஓர் அங்குலம் கூடியது போலச் சுற்று இறங்கும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

15 பிட்ச் பூட்டி அதே பன்னிரண்டு பேருடன் ஓடினோம். 5450 சுற்று. கணக்குப்படி 31 நொட்டுக்குச் சற்று மேல், ஜிபிஎஸ்ஸில் 25.5. நழுவல் 18ஐ ஒட்டி வந்துவிட்டது. பிட்ச் குறைந்தும் வேகம் மூன்றரை நொட் கூடியதை அவர் தன் கண்ணால் பார்த்தார். படகின் முன்பக்கமான அணியம் தூக்கிக்கொண்டு நிற்காமல் சட்டென்று இறங்கிப் படகு எழும்பி ஓடியதைப் பார்த்த ஓட்டியின் முகத்தை நான் மறக்கமாட்டேன்.

இனி இரட்டையின் சோடிப் பொருத்தம். வழமையில் வலப்பக்க எஞ்சின், பின்னால் நின்று பார்த்தால், வலஞ்சுழியாகவும் இடப்பக்கம் இடஞ்சுழியாகவும் சுற்றும். ஒன்றின் இழுவையை மற்றது ஈடுசெய்வதால் சுக்கான் கைக்கு இலேசாக இருக்கும். அதனால்தான் இரண்டு புரொப்பெல்லரும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராக இருக்கின்றன. ஒருமுறை சுத்தம் செய்ய இரண்டையும் கழற்றிய பெடியன் இடம்மாற்றிப் பூட்டிவிட்டான். முன் கியர் போட்டதும் படகு பின்னால் போய் இறங்குதுறைத் தூணில் மோதியது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் கழற்றும் ஒவ்வொன்றிலும் இடம், வலம் என்று பெயின்ரால் எழுதி வைக்கிறேன்.

இரண்டு எஞ்சினும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்பதையும் அளந்துவிடுங்கள். இரண்டு தட்டைகளுக்கும் இடையே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? சமமாக வைத்துத் தொடங்கி, இணைப்புத் தண்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். ட்ரிம், அதாவது எஞ்சினின் சாய்வு, இரண்டிலும் ஒரே அளவில் நிற்கவேண்டும். த்ரொட்டில் கேபிள் ஒன்று இழுபட்டிருந்தால், கைபிடி சமமாக இருந்தும் ஒரு எஞ்சின் 200 சுற்றுப் பின்தங்கும். கேபிள் சரியாக இருந்தும் பின்தங்கினால், புரொப்பெல்லரின் நடுவே இருக்கும் இறப்பர் வழுக்குகிறதா என்று பார்க்கவேண்டும். உள் குழாயிலிருந்து வெளி உடல்வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டு ஓட்டுங்கள். திரும்பி வரும்போது கோடு முறிந்திருந்தால் இறப்பர் போய்விட்டது.

அடிபட்ட இதழ் பற்றி எனக்கு மனவருத்தம் நிறைய உண்டு. எங்கள் களப்பு ஆழமில்லாதது. மணல் திட்டி, முருகைக்கல், கட்டுத்தடி என்று ஏதாவது ஒன்று தட்டத்தான் செய்யும். நெளிந்ததும் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திப் பூட்டிவிடுகிறோம். கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனால் மூன்று இதழ்களும் ஒரே பிட்ச்சில் இருக்கிறதா? பட்டறையில் நான் செய்வது எளிது. துளையில் ஒரு கம்பியை நிறுத்தி, அதில் கிடையாகச் சுற்றும் ஒரு கையைப் பொருத்துவேன். இதழின் நீளத்தில் பத்தில் ஏழு பங்கு தள்ளி, 40 பாகை இடைவெளியில் இரண்டு புள்ளிகளுக்கு, கையிலிருந்து இதழ்வரை ஆழத்தை அளப்பேன். வித்தியாசத்தை 9ஆல் பெருக்கினால் பிட்ச். 15 அங்குலத்துக்கு அது 42 மில்லிமீட்டரை ஒட்டி வரவேண்டும். ஓர் இதழில் 3 மில்லிமீட்டர் விலகினாலே ஓர் அங்குலப் பிட்ச் வித்தியாசம். அந்த அதிர்வு தண்டுக்கும் கியருக்கும் போகிறது. கற்கள் உள்ள இடத்தில் ஓடுபவர்களுக்கு நான் அலுமினியத்தையே சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் வளையாது, நல்ல வேகம் தரும், ஆனால் கல்லில் பட்டால் அடியைக் கியருக்குக் கடத்தும். கியர்ப் பெட்டியின் விலையை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இவை சின்ன வள்ளங்களுக்கும் பொருந்தும். 2022 ஓகஸ்ட்டில் அவற்றுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது, பல சம்மாட்டிமார் (வள்ள முதலாளிமார்) எஞ்சினை மாற்றலாமா என்று கேட்டு வந்தார்கள். பலருக்குப் புரொப்பெல்லரை மாற்றினாலே போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம், ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? இரண்டுக்காகத் தேர்ந்த பிட்ச், ஒன்றுக்கு மிகப் பாரம். முழு த்ரொட்டில் கொடுத்து எழும்பப் பார்க்காதீர்கள், மற்றதும் போய்விடும். நின்ற எஞ்சினைத் தூக்கிவிட்டு, ஆறுதலாக வாருங்கள். எண்ணெய் வடிகட்டி இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும், முடிந்தால் தாங்கியும். ஒரே தாங்கியில் தண்ணீர் கலந்தால் இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றுவிடும், பிறகு இரட்டை வைத்ததன் பயன் என்ன? ஓட்டியின் கையில் கட்டும் நிறுத்துக்கயிறு இரண்டையும் ஒன்றாக நிறுத்துகிறதா என்று ஒவ்வொரு மாதமும் இழுத்துப் பாருங்கள். அதைக் கட்டாமல் ஓடும் ஓட்டியின் படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

அந்த உரிமையாளரின் படகில், சுக்கானுக்கு அருகே உள்ள பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்: 12 பேர், தாங்கி நிறைய, 5450, 25.5. இரண்டு மாதம் கழித்து அழைத்தார். "தம்பி, இடப்பக்கம் 5200க்கு மேல ஏறுதில்லை, வலம் சரியா நிக்குது." எஞ்சினைத் தொடவேண்டாம், புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள் என்றேன். ஒரு பிடி தங்கூசி, அதுதான் மீன்பிடி நைலோன் நூல், சுற்றியிருந்தது. கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் சீல் இன்னும் வெட்டுப்படவில்லை, தண்ணீர் கலந்து கியர் எண்ணெய் பால்போல மாறவும் இல்லை.