அப்டேட்டுக்குப் பிறகு ஷேர் ஃபோல்டர் ஏன் திறப்பதில்லை?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி ஏராளமான வீட்டுக் கணினிகள் விண்டோஸ் 11க்கு மாறின. மாறிய பிறகு வரும் சிக்கல்களில் ஒன்று ஆளைக் குழப்பிவிடும். யூடியூப் ஓடும், மெயில் வரும், ஆனால் ரவுட்டரோடு இணைத்து வைத்திருக்கும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டுக் கணினிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி மட்டும் திறக்காது. குடும்பப் புகைப்படங்கள் மொத்தமும் அதில்தான் இருக்கும். பதற்றத்தில் ரவுட்டரை ரீசெட் செய்வார்கள். சிலர் விண்டோஸையே மறுபடி இன்ஸ்டால் செய்யத் துணிவார்கள். இரண்டும் வேண்டாம். பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. பாதுகாப்புக்காக அப்டேட் சில பழைய வழிகளை வேண்டுமென்றே அடைத்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, இணையம் வருகிறதா என்பதை. வந்தால் வைஃபை கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், ஐபி முகவரி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. வராவிட்டால் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காததால் விண்டோஸ் தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டிருக்கிறது. அப்டேட் ஆன கையோடு இப்படி நேர்ந்தால் முதலில் டிரைவரைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் முந்தைய டிரைவருக்கே திரும்பிவிடலாம்.

இணையம் வந்தும் பெட்டி திறக்கவில்லை என்றால் விஷயம் எஸ்எம்பியில் (SMB) இருக்கிறது. விண்டோஸ் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை இது. ஒரு ஷேர் ஃபோல்டரைத் திறக்கும்போது உங்கள் கணினி எதிர்முனையின் 445ஆம் போர்ட்டை, அதாவது எஸ்எம்பிக்கென்று ஒதுக்கிய எண்ணுள்ள வாசலைத் தட்டி, தனக்குத் தெரிந்த எஸ்எம்பி பதிப்புகளின் பட்டியலை அனுப்பும். இருவருக்கும் பொதுவானதில் புதியதை எதிர்முனை தேர்ந்தெடுக்கும். பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

எஸ்எம்பி1 1980களின் சரக்கு. அடுத்த பதிப்பான எஸ்எம்பி2 விண்டோஸ் விஸ்டாவோடும், அதற்கடுத்தது 2012இல் விண்டோஸ் 8ஓடும் வந்தன. நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸும், அதில் எஸ்எம்பி பேச உதவும் சாம்பா என்ற மென்பொருளும். சாம்பாவுக்கு எஸ்எம்பி2 முழுமையாகக் கிடைத்தது 2011இல் வெளியான 3.6 பதிப்பில்தான். அதற்கு முந்தைய சாம்பாவோடு வந்து, பிறகு ஃபர்ம்வேரும் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்படாத பெட்டிக்குப் பொதுவாக எஸ்எம்பி1 ஒன்றுதான் தெரியும்.

2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது இந்த எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியில் நுழைந்தால் அங்கிருந்து 445ஆம் போர்ட் வழியாக அடுத்ததற்குத் தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு எஸ்எம்பி1ஐக் கழற்றத் தொடங்கியது. வீட்டுக் கணினிகளில் அதைச் சட்டென்று எடுத்துவிடவில்லை. அணைத்து வைத்த நேரத்தைக் கழித்து, மொத்தம் 15 நாள் எஸ்எம்பி1 பயன்படாமல் இருந்தால் விண்டோஸ் தானாகவே அதை நீக்கிவிடும். அப்டேட் ஆன அன்று திறந்த பெட்டி பல வாரம் கழித்து திடீரென்று திறக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எஸ்எம்பி1 போனபோது இன்னொன்றும் சேர்ந்து போனது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதைத் திறந்தால் வரும் கணினிப் பட்டியல் முன்பெல்லாம் அதை நம்பியே தயாரானது. ஆகவே பட்டியலில் பெட்டி தென்படவில்லை என்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பெட்டியின் முகவரியைப் பார்த்து, எக்ஸ்ப்ளோரரின் அட்ரஸ் பாரில் \\192.168.1.20 என்பதுபோல் நேரடியாக அடியுங்கள். திறந்துவிட்டால் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அதையே ஒரு டிரைவ் எழுத்தாக மேப் செய்துகொள்ளுங்கள். பகிரும் ஃபைல் இன்னொரு விண்டோஸ் கணினியில் இருந்தால், அங்கே நெட்வொர்க் பிரைவேட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால் ஃபயர்வால் அதை மற்றவர்களுக்குக் காட்டாது.

முகவரியை அடித்தும், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் (பாஸ்வேர்ட் இல்லாத) அணுகலைத் தடுக்கிறது என்று செய்தி வருகிறதா? வீட்டுக் கணினியில் ஏது நிறுவனம் என்று திகைக்க வேண்டாம். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பின் வேலை இது. அதில் ப்ரோ வகைக் கணினிகள் ஒவ்வொரு எஸ்எம்பி செய்தியிலும் கையொப்பம் கேட்கின்றன. லாகின் பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி உருவாகும். அதை வைத்துக் கணக்கிட்ட குறியீடு ஒவ்வொரு செய்தியோடும் போகும். வழியில் யாராவது செய்தியைத் திருத்தினால் குறியீடு பொருந்தாது, உடனே தெரிந்துவிடும். பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்டாக நுழைந்தால் சாவியே உருவாகாது, அப்புறம் கையொப்பம் ஏது? ஹோம் வகைக்கு இந்தக் கட்டாயம் இல்லாததால், ஒரே வீட்டில் ஒரு லேப்டாப்பில் திறக்கும் பெட்டி இன்னொன்றில் திறக்காமல் போகலாம்.

தீர்வு எளிது. நாஸின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, அதைக் கொண்டே நுழையுங்கள். இன்னொரு விண்டோஸ் கணினிக்குள் போகும்போது விண்டோஸைத் திறக்கும் பின் (PIN) எண்ணைக் கொடுத்துப் பயனில்லை. அது அந்தந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க்கில் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்ட்தான் செல்லும்.

எஸ்எம்பி1ஐ மறுபடி ஆன் செய்யச் சொல்லும் யோசனை நிறையக் கிடைக்கும். அதை நிரந்தர வழியாக ஏற்காதீர்கள். முதலில் பெட்டியின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். பல மாடல்களில் எஸ்எம்பி2 இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதற்கும் வழியில்லாத பழைய பெட்டி என்றால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1.0இன் கீழுள்ள க்ளையன்ட்டை மட்டும் டிக் செய்யுங்கள், சர்வரைத் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் புகைப்படங்களை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அன்றே அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.