பாம்புக்கடிக்குப் போடும் கட்டு வெட்டுக்காயத்துக்குத்தான் வேண்டும்

நெல் அறுப்புக் காலத்தில் மியான்மரின் பெகு, தட்டோன் பக்கத்துக் கிராமங்களில் கண்ணாடி விரியன் கடித்தவரைத் தூக்கி வரும்போது, காலில் கயிறோ துண்டோ இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதே ஊரில் கதிரடிக்கும் மெஷினில் கை சிக்கியவருக்கோ, மஞ்சள்தூளையும் புகையிலையையும் அப்பி, மேலே துணியை லேசாகச் சுற்றி அனுப்புவார்கள். இரண்டுமே தலைகீழ். விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. கட்டுப் போட்டால் கால்தான் கெடும். பிளேடால் கீறிவிட்டால் அந்தக் கீறலே நிற்காமல் ஒழுகும். கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை ஒரு மட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போதும். இறுக்கிக் கட்ட வேண்டியது, கையிலோ காலிலோ தமனி அறுந்து இரத்தம் பீச்சியடிப்பவருக்கு.

50 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 3.5 லிட்டர் இரத்தம் இருக்கும். 1 லிட்டர் போனால் நாடி வேகமாகும், கை கால் சில்லிடும். ஒன்றரை லிட்டர் போனால் பேச்சு குழறி, ஆள் கையைவிட்டுப் போகும் நிலை. தொடைத் தமனி முழுதாக அறுந்தால் 3 முதல் 5 நிமிடத்தில் உயிர் போகலாம். தோலாஜி என்கிற உழவு மெஷின் வண்டியைக் கிளப்பி வரப்புவரை கொண்டுவரவே அதற்கு மேல் ஆகும். ஆகவே வண்டிக்கு ஒருவர் ஓடட்டும், இன்னொருவர் கையைக் காயத்தில் வைக்கட்டும்.

முதலில் காயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சேறும் கறுப்பு லுங்கியும் இரத்தத்தை மறைத்துவிடும்; துணியைக் கிழித்தோ வெட்டியோ பாருங்கள். கையில் உறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளலாம். சுத்தமான துணியை மடித்து, இரத்தம் வரும் அந்தப் புள்ளியின் மேலேயே இரண்டு கைகளையும் வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரத்தை இறக்குங்கள். அடியில் தரையோ பலகையோ கெட்டியாக இருக்க வேண்டும். கட்டிலில் படுக்கவைத்து அழுத்தினால் கயிறு தொய்ந்து அழுத்தமெல்லாம் வீணாகும். 10 நிமிடம் கையை எடுக்கவே கூடாது. நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் முதலுதவிப் பயிற்சிகளில் எல்லோரும் செய்கிற காரியம். ஒவ்வொரு தடவையும் உறைந்தது பெயர்ந்துவிடும். துணி நனைந்து சொட்டினால் மேலே மேலே துணி அடுக்குவதிலும் பயனில்லை. அழுத்தம் சரியான இடத்தில் விழவில்லை என்று அர்த்தம்; இடத்தைத் திருத்தி இன்னும் பலமாக அழுத்துங்கள்.

இடுப்புமடிப்பு, அக்குள், தோள் பக்கம் ஆழமாகக் குத்துப்பட்டால் அங்கே கட்டு நிற்காது. துணியை நீள நாடாவாகக் கிழித்து, விரலால் காயத்தின் அடிவரை செலுத்தி, இடம் இல்லாமல் போகும்வரை திணித்து, பிறகு மேலே அழுத்துங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் மூங்கிலையோ கம்பியையோ பிடுங்கவும் வேண்டாம். அது அடைப்பாக நின்று இரத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கை, காலில் இரத்தம் பீச்சினாலோ, கீழே குளம் கட்டினாலோ, உறுப்பு துண்டாகியிருந்தாலோ தயங்காமல் கட்டுங்கள். பருத்தி லுங்கியிலிருந்து சாண் அகலத்துக்குக் கிழித்து, நாலாக மடித்தால் 5 சென்டிமீட்டர் அகலத்தில் பட்டை கிடைக்கும். நீளம் ஒரு மீட்டர் வேண்டும். காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின்மேல் படாமல் சுற்றி ஒரு முடிச்சு. அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்து, மேலே இரட்டை முடிச்சு. இப்போது ஸ்பேனரைத் திருகுங்கள். எத்தனை சுற்று என்று கணக்கில்லை, இரத்தம் நிற்கும்வரை. மணிக்கட்டிலோ பாதத்தின் மேலோ நாடி தட்டுப்படக் கூடாது. கடைசியாக ஸ்பேனரின் நுனியை வேறொரு துணியால் கையோடோ காலோடோ சேர்த்துக் கட்டுங்கள். இதை மறந்தால், வண்டி குலுங்கும்போது மொத்தமும் பிரிந்துவிடும்.

ஸ்பேனர் ஏன்? உழவு மெஷின் டூல் பாக்ஸில் 12–14 ஸ்பேனர் எப்போதும் கிடக்கும். பேனா, சுள்ளி, மூங்கில் சிம்பு எல்லாம் திருகும்போது முறியும். மின்கம்பி, நைலான் கயிறு போன்ற மெல்லியவை தோலை அறுக்கும், ஆழத்திலுள்ள தமனியை நெரிக்காது. தோல் பெல்ட் திருகுப்படாது. கடையில் வாங்கும் ரெடிமேட் பட்டையில் போலி நிறைய வருகிறது. பிளாஸ்டிக் திருகுகோல் வளைகிறதா என்று இறுக்கிப் பார்த்து, அந்த ஒன்றைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அரைகுறை இறுக்கம் கட்டாததைவிட மோசம். இரத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், திரும்பும் வழி மட்டும் அடைபட்டு, காயத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டும். சரியாக இறுக்கினால் வலி உயிர் போகும். "அண்ணே, கொஞ்சம் தளர்த்துங்கண்ணே" என்று அலறத்தான் செய்வார். கூட இருக்கும் அம்மா, அக்கா எல்லோரும் சேர்ந்து கெஞ்சுவார்கள். தளர்த்தாதீர்கள். நிற்கவில்லையென்றால் முதல் கட்டை ஒட்டி, உடம்புப் பக்கமாக இரண்டாவது கட்டு. கட்டிய நேரத்தை நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். 2 மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்துவிட்டால் பெரும்பாலும் கால் கைக்குச் சேதமில்லை. அதற்கு மேல் ஆனாலும் வழியில் அவிழ்க்க வேண்டாம்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. பழைய மெத்தைப் பஞ்சில் ஒரு கீறல், அடியில் சலைன் டியூப், மேலே தொங்கும் பாட்டிலில் குங்குமம் கரைத்த தண்ணீர். அழுத்தம் சரியாக விழுந்தால் ஒழுக்கு நிற்பது கண்முன்னே தெரியும். ஆண்களை மட்டும் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பதில் அர்த்தமில்லை. வயலில் நாற்று நடுவதும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதும் பெண்களும்தான்.

கண்ணிவெடி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2023-ல் உலகிலேயே அதிகம் பேர் அதில் அடிபட்டதாகப் பதிவானது இந்த நாட்டில்தான். அடிபட்டவரிடம் ஓடாதீர்கள், ஒன்று வெடித்த இடத்தில் இன்னொன்று இருக்கலாம். அவருக்கு நினைவிருந்தால், லுங்கியைக் கிழித்துத் தானே கட்டிக்கொள்ளும்படி தூரத்திலிருந்து குரல் கொடுங்கள். தனக்குத்தானே ஒரு கையால் கட்டிப் பழகுவதைப் பயிற்சியில் சேர்ப்பது இதற்காகத்தான்.

இரத்தம் நின்ற பிறகு நனைந்த உடையைக் கழற்றி, கம்பளியும் அதன்மேல் தார்ப்பாயும் போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைவது கெடும், பெகு வெயிலில்கூட இது நடக்கும். சாராயம், வெற்றிலை, காப்பி எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம், ஆபரேஷன் தேவைப்படலாம். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள். விரல் ஐஸில் நேராகப் பட்டால் வீணாகிவிடும். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பல நேரம் கையிருப்பு இரத்தம் போதாமல், கூட வந்தவர்களிடம்தான் கேட்பார்கள். தங்கள் இரத்த குரூப் தெரிந்த, வெறும் வயிற்றில் இல்லாத மூன்று நாலு பேர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே கிளம்பிவிடட்டும்.