காற்றுக்கு எதற்குச் சுரங்கம்?

மதுரைப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் இப்போது மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு ஒரு மேசை உண்டு. அதில் ஓர் அட்டை: 'காற்றுச் சுரங்கப்பாதையில் அளவுகோல் மாதிரி சோதனை'. கலத்தின் சின்ன மாதிரியை நிறுத்தி அதன்மேல் காற்றை ஓடவிட்டுப் பார்க்கும் 'விண்ட் டனல்' என்ற கருவியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை, செய்தியில் வருவதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் நம் ஊரில் சுரங்கப்பாதை என்பது மழை பெய்தால் தண்ணீர் நிற்கிற ரயில் பாலத்தடி. சுரங்கம் என்றாலோ, திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போவதாகப் பெரியவர்கள் கதை சொல்லும் ரகசிய வழி. இரண்டிலும் மூச்சு முட்டும்.

'டனல்' பழைய பிரெஞ்சில் பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் பறவை பிடிக்கும் வலை, பிறகு குழாய், அப்புறம்தான் மண்ணுக்கடியில் போகும் வழி. 1901-இல் ரைட் சகோதரர்கள் இறக்கை மாதிரிகளைச் சோதித்தது விசிறி பொருத்திய ஆறடி மரப்பெட்டியில். எவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

'சுரங்கம்' கட்சிக்காரர்கள் உடனே சிலப்பதிகாரத்துக்குப் போவார்கள். கோவலன் மதுரைக்குள் நுழைவதே 'சுருங்கை வீதி' ஓரமாகத்தானே, இது நம் ஊர்ச் சொல் அல்லவா என்பார்கள். சரி, நம் ஊர்ச் சொல்தான். அது என்ன வீதி? யானைக் கூட்டம் போய்வர மறைவாக அமைத்த வழி. நிலத்தடியில் நீர் போகும் வழிக்கும் சுருங்கை என்றே பெயர். மறைந்து போவதுதான் அந்தச் சொல்லின் உயிர். இந்தக் கருவியின் வேலையோ நேர் எதிரானது. மாதிரியைப் பின்னாலிருந்து ஓர் எஃகுத் தண்டில் பொருத்தி நிறுத்துகிறார்கள். மாதிரி நிற்கும், காற்று ஓடும். அதன் மழுங்கிய முகத்துக்கு முன்னால், வேகக் காற்று முட்டி எழும் அதிர்வலை வில்லாக வளைந்து நிற்பதைப் படம் பிடிக்கவென்றே பக்கச் சுவரில் கண்ணாடி வைக்கிறார்கள். பார்ப்பதற்காகக் கட்டியதற்கு ஒளிந்து போகும் வழியின் பெயரா?

'காற்றோட்டக் கூடம்' என்றும் ஒன்று உலவுகிறது. கல்யாண மண்டப விளம்பரத்துக்குப் பொருந்தும்.

காற்றுக்குழல் என்பதே என் கட்சி. குழல் சின்னது என்று ஆட்சேபிப்பவர்கள் பீரங்கிக்கும் குழல் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 2022 டிசம்பரில் முதல் சோதனை கண்ட குழல் சுமார் 160 மீட்டர் நீளம், மிக அகன்ற இடத்தில் 5.4 மீட்டர். கலன்களில் அடைத்து வைத்த காற்றைத் திறந்துவிட்டு, ஒலி வேகத்தில் 0.2 மடங்கு முதல் 4 மடங்கு வரை ஓடவிடுகிறார்கள். ஒரு முனையில் விட்டு மறுமுனையில் வாங்குவதைத் தமிழில் குழல் என்னாமல் வேறு என்ன என்பது?

'அளவுகோல் மாதிரி' இதைவிட மோசம். அகராதியில் 'ஸ்கேல்' என்பதற்கு நேரே இருந்த முதல் சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அளவுகோல் மாதிரி என்றால் பிள்ளை பென்சில் டப்பாவிலிருந்து ஸ்கேலைத்தான் எடுத்து நீட்டுவான். சிற்றளவு மாதிரி என்று எழுதினால் மூன்றாம் வகுப்புக்கும் புரியும். மொழிபெயர்ப்பவர்கள் அந்தக் கருவியின் படத்தையாவது ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.