‘நாலு வருஷம்’ என்று அவனைக் கூப்பிடாதீர்கள்

ராணுவத்தில் சேர விரும்பும் பையன்களுக்கு ஓட்டம், புல்-அப்ஸ், எழுத்துத் தேர்வு மூன்றையும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். நானும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவன்தான். திருவொற்றியூர், எர்ணாவூர், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்துப் பையன்கள் விடியற்காலையில் என்னிடம் வருகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்குள் ஓட்டத்தை முடித்துவிடுவோம். அப்புறம் உட்கார்ந்து பேசும்போது சம்பளம், லீவு, சாப்பாடு, போஸ்டிங் எல்லாம் கேட்பார்கள். அங்கே என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன். சேர்ந்த முதல் வருடத்தில் பையன்கள் எனக்கு போன் போட்டுக் குரல் கம்மப் பேசிய சமயங்களில் பாதிக்கு மேல் காரணம் யாரோ வைத்த ஒரு பேர்தான்.

நம்ம ஏரியாவில் பட்டப்பெயர் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஒரே தெருவில் மூன்று குமார் இருந்தால் ஒருவர் ஐஸ் குமார், ஒருவர் போட் குமார், இன்னொருவர் நெட்டை குமார். கண்ணீர் அஞ்சலி பேனரில்கூட பட்டப்பெயரைச் சேர்த்துப் போட்டால்தான் போனது யார் என்று தெரியும். அதனால் நம்ம பையனுக்கு இதெல்லாம் பழக்கம்தானே, பட்டாளத்தில் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். தெருவில் சரி. ஒருத்தன் “டேய் கருவாடு” என்றால் இவன் “சொல்லுடா சொட்டை” என்பான். கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். பட்டாளத்தில் கையில் ஒரு பட்டை கூடுதலாக இருப்பவனிடம் அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது. கீழே இருப்பவன் சிரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்கும் பிடித்திருக்கிறது என்று மேலே இருப்பவர் நினைத்துக்கொள்கிறார்.

படிநிலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலாட்படையில் அடிப்படி சிப்பாய். பீரங்கிப் படையில் அதே படியில் இருப்பவர் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர், சிக்னல்ஸில் சிக்னல்மேன், கவசப் படையில் சவார். கையில் ஒரு பட்டை ஏறினால் லான்ஸ் நாயக், இரண்டு என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். அதற்கு மேலே நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். அவர்களை அதிகாரிகளே ‘சாப்’, அதாவது ஐயா, என்று மரியாதையாகத்தான் அழைப்பார்கள். 2022-இல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு சேர்கிறவர்களுக்கு அக்னிவீர் என்று தனிப் படி. ஆக ‘சாப்’ என்ற மரியாதை சுபேதார் வரிசையில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருப்பவனை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாப் பேரும் வலிக்காது. பயிற்சிக் காலத்தில் எல்லோரும் ‘ரங்ரூட்’, புதிதாகச் சேர்ந்தவன் என்று அர்த்தம். லங்கர் என்கிற சமையல்கூடத்தில் சாப்பாட்டுக்கு நின்றாலும், ரகடா என்கிற தண்டனை வாங்கி மண்ணில் உருண்டாலும் ரங்ரூட்தான். பக்கத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் அதே பேர். கத்துகிற உஸ்தாதும் (பயிற்சி கொடுப்பவர்) ஒரு காலத்தில் ரங்ரூட்டாக இருந்தவர். பயிற்சி முடிவில் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் முடிந்ததும் அந்தப் பேர் கழன்றுவிடும். பிற்காலத்தில் பழைய கூட்டாளிகள் சந்தித்தால் அதைச் சொல்லித்தான் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

‘தம்பி’யும் அப்படித்தான். மெட்ராஸ் ரெஜிமெண்டிலும், பெங்களூரில் மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் ஜவான்களுக்குத் ‘தம்பி’ என்றே பேர். பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரிகூட அந்த ஒரு தமிழ் வார்த்தையை முதலில் கற்றுக்கொள்வார். கஷ்டமான வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு “தம்பி கர் லேகா” என்பார். தம்பி செய்துவிடுவான் என்கிற அந்த நம்பிக்கையைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தவர்களில் நானும் ஒருவன். ரிட்டையர் ஆகித் தலை நரைத்த பிறகும் யாராவது தம்பி என்றால் எங்களுக்குக் கோபம் வராது.

இப்போது ‘மதராசி’க்கு வருகிறேன். எங்கள் ரெஜிமெண்ட் 1758-இல் தொடங்கியது, இந்தியத் தரைப்படையின் காலாட்படைப் பிரிவுகளில் மிகப் பழையது. “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு” என்பது எங்கள் போர் முழக்கம். குன்னூர் வெல்லிங்டன் மைதானத்தில் நூற்றுக்கணக்கான தொண்டைகள் சேர்ந்து அதைக் கத்தும்போது தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடத்தான் எல்லோருக்கும் ஒரே புல்லரிப்புதான்.

ஒருமுறை வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தோம். பல பிரிவு ஆட்கள் கலந்திருந்த இடம். அங்கே ஒரு சீனியர் எங்கள் சிப்பாய் ஒருவனைப் பேர் கேட்காமலே மதராசி என்று கூப்பிட ஆரம்பித்தார். தட்டு கழுவுகிற இடத்தில் மதராசி, ஆயுதம் துடைக்கும்போது மதராசி. கொஞ்ச நாளில் அது ‘இட்லி’ ஆனது. ரோல் காலில் இட்லி என்று கூப்பிட, வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஒரு ராத்திரி சென்ட்ரி (காவல்) மாற்றும்போது என்னிடம் கேட்டான்: “அண்ணே, நெஞ்சு மேல நேம் பிளேட் குத்தியிருக்கேன். அதப் படிக்க எவ்ளோ நேரம் ஆகும்?” அவனுக்கு இந்தி நன்றாகவே வரும். சண்டை போடவும் தெரியும். பட்டை அவனைத் தடுத்தது. அந்த சீனியரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். பிரியமாகத்தான் கூப்பிட்டேன், அவன் சிரித்தானே என்றார். மறுநாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

இது நம் நாட்டோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை. பிரிட்டிஷ் சிப்பாயை ‘டாமி’ என்றார்கள், ஆஸ்திரேலியாக்காரனை ‘டிக்கர்’ என்கிறார்கள். அமெரிக்கர்களோடு நடக்கும் யுத் அப்யாஸ் கூட்டுப் பயிற்சிக்குப் போய்வந்த என் நண்பன் சொல்வான், அங்கே கீழ்ப்படி ஆட்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் பேர்களுக்குக் கணக்கே இல்லையாம். கையில் ஒற்றைப் பட்டை வாங்கியவனுக்கு அது ‘கொசு இறக்கை’. அதற்கும் மேலே ஸ்பெஷலிஸ்ட் படியில் இருப்பவர்களைச் சேர்த்து ‘மாஃபியா’ என்பார்களாம், வேலையை எப்படித் தட்டிக்கழிப்பது என்று தெரிந்த கூட்டம் என்று கிண்டலாக. அவர்களே அவர்களைச் சொல்லிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதே வார்த்தையை மேலிருந்து ஒருவர் சொன்னதும் சட்டென்று எல்லோரும் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றான். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

நிறம், உடம்பு, சாதி, மொழி இவற்றைத் தொட்டு வருகிற பேரை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் நான் விடுவதில்லை. ஓட்டத்தில் கடைசியாக வரும் பையனுக்கு எங்கள் மைதானத்திலேயே ‘கட்டவண்டி’ என்று வைப்பார்கள். வைத்தவனைக் கூப்பிட்டு, அவன் உனக்கு ஒரு பேர் வைக்கட்டும், ஒரு வாரம் எல்லோரும் அதைச் சொல்லிக் கூப்பிடுகிறோம், சரியா என்று கேட்பேன். பெரும்பாலும் அன்றைக்கே பேச்சு நின்றுவிடும். பட்டாளத்தில் இப்படிக் கேட்க யாராவது இருப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. அதனால் பையன்களுக்கு வழியையும் சொல்லி அனுப்புகிறேன்.

முதலில் செக்‌ஷன் கமாண்டரிடம், அதாவது தன் சின்னக் குழுவை நடத்துபவரிடம், தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வேண்டாம். அங்கே தீராவிட்டால் சீனியர் ஜே.சி.ஓ. (சுபேதார் வரிசையில் இருப்பவர்) மூலமாக மனு கொடுத்து கம்பெனி கமாண்டரைப் பார்க்கலாம். ஜவான்கள் அதிகாரி முன்னால் கூடும் சைனிக் சம்மேளனத்தில் எழுந்து பேசலாம், ஆனால் அதற்குத் தைரியம் வர வருடங்கள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். இது வெறும் வழக்கம் இல்லை, 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்திலேயே இருக்கிறது. மேலே இருப்பவரால் தனக்கு அநியாயம் நடந்தது என்று கருதும் ஜவான் புகார் செய்ய 26-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. கீழே இருப்பவரை மோசமாக நடத்தினால் தண்டனை என்று 47-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு கிண்டல் பேருக்காக யாரும் கோர்ட் மார்ஷல் வரை போகத் தேவையில்லை. சட்டம் நம் பக்கமும் இருக்கிறது என்று தெரிந்த பையன் நிற்கிற விதமே வேறு, அதற்காகத்தான் சொல்கிறேன். மேலதிகாரியிடம் அவமானப்பட்ட ஆத்திரத்தில் துப்பாக்கியைத் தன் மீதோ சக வீரர் மீதோ திருப்பிய சம்பவங்கள் படைகளில் நடந்திருக்கின்றன. பல நாள் விழுங்கி விழுங்கி வைத்ததுதான் அப்படி ஒரு நாள் வெடிக்கிறது.

சரி, இதுவரை சொன்னது பட்டாளத்துக்குள். என்னை அதிகம் உறுத்துவது இங்கே, நம்ம வீடுகளில் நடப்பது.

அக்னிவீர்களுக்கு நான்கு வருடப் பணி. ஒன்றாகச் சேர்ந்த ஒரு அணியில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். இதை வைத்து நம்ம ஏரியாவில் ‘நாலு வருஷம்’ என்று ஒரு பேர் கிளம்பியிருக்கிறது. என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பையன் முதல் லீவில் அக்கா மகளின் காதுகுத்துக்கு வந்திருந்தான். புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஹால். முடி ஒட்ட வெட்டி, வெயிலில் கறுத்து, அயர்ன் செய்த சட்டையோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தான். பெரியப்பா முறை ஒருவர் இந்தக் கோடியிலிருந்து கத்தினார்: “ஏ நாலு வருஷம், இந்த இலைக்கு சாம்பார் ஊத்து.” ஹாலே சிரித்தது. அப்புறம் குழந்தைகள்கூட அதையே பிடித்துக்கொண்டன. அவன் ஒன்றும் சொல்லாமல் கடைசிப் பந்தி வரைக்கும் பரிமாறினான். லீவு முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான்.

அவன் அம்மா என்னிடம் வந்து, “புள்ள கோச்சிக்கினு போயிட்டானா மாஸ்டர்?” என்று கேட்டார். போன் செய்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இங்க யாரும் அதப் பத்தி வாயத் தொறக்க மாட்டோம் மாஸ்டர். பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவன் நிப்பானா, நான் நிப்பேனான்னு ராத்திரி தூக்கம் வராது. ஆனா பேச மாட்டோம். வீட்ல அதையே எனக்குப் பேரா வெச்சுட்டாங்க.”

பெரியப்பா கெட்டவர் இல்லை. அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனால் அந்தப் பையன் மனதில் ஓயாமல் அரித்துக்கொண்டிருந்த பயத்தை, ஹால் முழுக்கக் கேட்கும்படி அவன் பெயராக்கிவிட்டார். அக்னிவீர்களின் முதல் அணி 2023 தொடக்கத்தையொட்டிப் பயிற்சியில் இறங்கியது. அவர்களுக்கு 2026 இறுதியையொட்டி நான்கு வருடம் முடிகிறது. வெளியே வருகிற பையன்கள் நம்ம தெருக்களுக்குத்தான் வருவார்கள். அவர்களை நாம் எப்படிக் கூப்பிடப் போகிறோம் என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

ரிட்டையர் ஆனவர்களுக்கும் இதே பாடுதான். பெயரோடு பழகிய மனுஷன் திடீரென்று ‘மிலிட்டரி’ ஆகிவிடுகிறார். கேண்டீன் கார்டு இருக்கிறதே, “மிலிட்டரி, சரக்கு இருக்கா?” என்றுதான் பாதிப் பேர் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். கார்கிலிலும் சியாச்சினிலும் நின்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், குடிக்காதவர்களும் நிறையப் பேர். மணலி, மாதவரம் பக்கம் குடோன் வாசலில் காக்கி அல்லது நீலச் சட்டையில் நிற்பவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான தமிழக அரசு நிறுவனமான டெக்ஸ்கோ மூலமாக இப்படிக் காவல் வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வெளியே வந்துவிடுவதால் இன்னொரு வேலை பார்த்துத்தான் குடும்பம் நடக்கும். அவரை “ஏய் செக்யூரிட்டி, கேட்டைத் தொற” என்று லாரி கிளீனர் பையன் கத்துகிறான். ஒரு தடவை பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் போதும். அண்ணா என்றோ சார் என்றோ கூப்பிடலாம். ஹவில்தார் என்று தெரிந்தால் ஹவில்தார் சார் என்று சொல்லிப் பாருங்கள், அவர் தானாக நிமிர்ந்து நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

லீவில் வந்த பையன் பேச்சைக் குறைத்துக்கொண்டால், தூங்காமல் உட்கார்ந்திருந்தால், சீக்கிரம் திரும்பிப் போகிறேன் என்றால், “யாராவது உன்னை ஏதாவது சொல்லிக் கூப்பிடறாங்களா?” என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். அங்கேயா இங்கேயா என்றும் கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இலவசமாகத் தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கென்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, பார்சல் அனுப்புகிறவர்களுக்கு. யூனிட்டுக்குப் போகிற உறை மேல் ‘நம்ம பாபு’, ‘குட்டி’ என்று எழுதாதீர்கள். தபால் பிரிக்கிறவர் பத்துப் பேர் முன்னால் அதைச் சத்தமாகப் படிப்பார், அன்றிலிருந்து அதுவே அவன் பேர் ஆகிவிடும். சர்வீஸ் எண், படிநிலை, முழுப்பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ., எது என்று அவனிடமே கேட்டு எழுதுங்கள். குட்டி என்று கூப்பிட ஆசையாக இருந்தால் உள்ளே வைக்கும் கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம்.